சாம்பல் உதிராத சுருட்டு

கப்பலில் வேலை செய்யும் மருமகன் இந்த முறை இரண்டு கியூபாச் சுருட்டு கொண்டுவந்தார். ஒன்றைப் பற்றவைத்தேன். கருப்பட்டியும் மரப்பெட்டியும் கலந்த மாதிரி வாசம். சாம்பல் விரல் நீளத்துக்கு உதிராமல் நின்றது. எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

டயகம தேயிலைத் தோட்டத்தில் அப்போது கவ்வாத்து நாள், செடிகளை வெட்டிவிடும் நாள். முனியாண்டி சாமிக்கு வைத்த சுருட்டு அணையாமல் எரிந்தால்தான் தேயிலைச் செடியில் கத்தி வைப்போம். அன்றைக்குப் பனிமூட்டத்தில் கடையில் வாங்கிய சுருட்டு அணைந்து அணைந்து போனது. ஆட்கள் கத்தியைத் தொடவே பயந்து நின்றார்கள். அம்மா தன் கையால் சுற்றிய சுருட்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பொம்பள சுத்துனது சாமிக்கு ஆகுமா?" என்றார் பூசாரி மாமா.

"அதச் சாமி சொல்லட்டும்ணே. நீங்க பத்த வைங்க."

இறுக்கமும் இல்லாமல் தளர்ச்சியும் இல்லாமல் இலை சுற்றுகிற கை அம்மாவுடையது. மாமா பற்றவைத்ததும், அந்தப் பனியிலும் அம்மாவின் சுருட்டு அடிவரை சீராக எரிந்தது, சாம்பல்கூட உதிரவில்லை. கும்பிட்டு எழுந்த மாமா மெதுவாக, "தங்கச்சி, எனக்கொண்ணு இருக்கா?" என்றார். மலையே சிரித்தது.

மற்றச் சுருட்டை இன்று முனியாண்டி முன்னால் கொளுத்தி வைத்தேன்.

"தூர தேசத்துச் சுருட்டு, சாமி. எங்கம்மா சுத்துனதுக்குக் கொஞ்சம் கிட்ட வருது."