மாப்பிள்ளை இருந்த அறை

எங்கள் ஊரில் கலியாணம் முடிந்தால் பெண் வீடு மாறுவதில்லை. ஆண்தான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் எங்கள் வளவுக்குள்ளேயே இருந்த, உம்மாவின் தங்கையான சாச்சியின் வீட்டுக்கு அப்படி வந்து சேர்ந்தவர்தான் சாச்சா. தெற்கே கோமாரி என்ற ஊருக்குத் தேங்காய் ஏற்றப் போன ஒரு நாள், அங்கிருந்த கடற்கரையில் ஒரு சங்கு நண்டைப் பிடித்து எனக்குக் கொண்டுவந்தார். காலியாய்க் கிடக்கும் ஏதாவதொரு சங்குக்குள் புகுந்து குடித்தனம் நடத்தும் நண்டு அது.

"இவரும் என்னப் போலதான் மகள். அடுத்தவங்கட வீட்டில குடியிரிக்கார். மாப்பிள எண்டு கூப்பிடுங்க," என்றார். சாச்சி அடுப்படியிலிருந்து அவரை ஏசியது கேட்டது. ஏச்சில் பாதி சிரிப்பாக இருந்தது.

அந்த மழைக்காலத்தில் சாச்சா காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். கலியாணமாகி ஒரு வருசம்கூடத் திரும்பியிருக்கவில்லை. சாச்சி இத்தா இருக்கத் தொடங்கினார். புருசனை இழந்தவள் மாதக்கணக்கில் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் ஓர் அறைக்குள் இருக்கும் கடமை அது. யன்னலுக்கும் சீலை, வாசலுக்கும் சீலை. வாப்பாகூட ஏதும் கேட்பதென்றால் முற்றத்தில் நின்றுதான் குரல் கொடுப்பார். எட்டு வயதுக்காரியான எனக்கு இந்தக் காவல் வேலை மிகவும் பிடித்துப்போனது. படியேறிய சேவலையும் விடாமல் விரட்டினேன். பேட்டுக்கோழிகளை ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே சாச்சி யாருடனும் கதைப்பதில்லை. உம்மா கொண்டுபோகும் சோறு பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும். "தின்னத் தொடங்கினாப் போதும் அல்லாஹ்," என்று கோப்பையைக் கழுவும்போது உம்மா தனக்குள் முணுமுணுப்பார்.

அதே நாட்களில் நண்டு மாப்பிள்ளையும், நான் அதை வைத்து வளர்த்த பிளாஸ்டிக் பேசினில் இருந்த ஈரமணலுக்குள் புதைந்துகொண்டது. அது செத்துவிட்டது, நாறுவதற்கு முன் எறி என்றார் உம்மா. நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். சாச்சாவின் உடுப்புகளையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். என்னிடம் மிஞ்சியிருந்தது அவர் தந்த நண்டுதான்.

ஒரு காலையில், நான் ஒன்றும் சொல்லாமல் விட்ட பேட்டுக்கோழி ஒன்று அந்த பேசினைக் கிளறிப் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாம்பு உரித்த சட்டைபோல, கால்களோடு கழன்ற வெறும் ஓடு மணலில் கிடந்தது. பக்கத்தில் சங்குக்குள் மாப்பிள்ளை புதுத் தோலோடு வெளிறித் துவண்டுபோயிருந்தது. கால் ஒன்றைக் காணவில்லை. கோழி கொத்தியிருக்க வேண்டும். அதற்குள் எறும்புகளும் வரத் தொடங்கிவிட்டன. வாயால் ஊதி ஊதி அவற்றை விரட்டினேன்.

கோழி நுழையாத, வெயில் படாத அறை வளவு முழுக்கத் தேடினாலும் ஒன்றுதான். ஆனால் அது இத்தா அறை. மாப்பிள்ளையோ ஆண். பேசினைக் கட்டிப்பிடித்தபடி சீலைக்கு வெளியே நின்று அழுதேன்.

"சாச்சி, மாப்பிள சாகப் போகுது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இஞ்ச கொண்டா புள்ள, பாப்பம்."

"ஏலா சாச்சி. அது ஆம்புள. உள்ளுக்கு வரப்படா."

"ஆம்புள எண்டு ஆரு சொன்ன?"

"சாச்சாதான் சொன்ன. அடுத்தவங்கட வீட்டில இரிக்கிறதால அது மாப்பிளயாம். அதுட கண்ணக் கட்டிட்டுக் கொண்டுவரட்டா?"

சீலைக்குப் பின்னால் சாச்சி சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். நடுவில் அது அழுகைபோல உடைந்து, மறுபடியும் சிரிப்பாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த உம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி அழுதுகொண்டிருந்தார். நண்டுக்காக உம்மா இப்படி அழுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கண் கட்டாமலேயே மாப்பிள்ளை அறைக்குள் போனது. எறும்பு ஏறாமல் இருக்க, பேசினைத் தண்ணீர் ஊற்றிய தட்டத்துக்குள் வைத்தார் சாச்சி. மணலை நனைத்து, வெளிச்சம் படாமல் துணியால் மூடினார். கழன்ற ஓட்டை நான் எறியப் போனேன். "வெச்சிரு. அது அதுட பொருள்தானே," என்றார். சில நாட்களில் மாப்பிள்ளை அந்த ஓட்டையே கடித்துத் தின்னத் தொடங்கியது. எனக்குக் குமட்டியது. சாச்சிக்கோ சந்தோசம் தாங்கவில்லை.

"திங்குது மகள், திங்குது!" என்று அவர் கத்தியது வெளியே முற்றம்வரை கேட்டது. அங்கே நின்ற வாப்பா, என்ன ஏதென்று விளங்காமலே, "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்.

மெல்ல மெல்ல மாப்பிள்ளையின் உடம்பு இறுகி, பழைய சிவப்பு திரும்பியது. கால் போன இடத்தில் சின்னதாக ஒரு மொட்டு வந்தது. உம்மா தினமும் நண்டுக்கென்று தேங்காய்ச் சில்லைச் சீவி, சோற்றுக் கோப்பையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போவார். "இதுக்கும் வெச்சிட்டு நீயும் ரெண்டு வாய் தின்னு," என்று சாச்சியிடம் சொல்வது கேட்கும். கோப்பை காலியாகத் திரும்பி வந்தது. அதைக் கழுவும்போது உம்மா இப்போதெல்லாம் எதுவும் முணுமுணுக்கவில்லை.

எறியச் சொன்ன உம்மாவுக்கே மாப்பிள்ளைமேல் இவ்வளவு பிரியம் வந்துவிட்டதை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. அதை வளர்த்தவள் நானல்லவா!