நஸ்ருன்னிசாவின் முதல் பக்கம்

"ஃபோட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கீங்க. ஆனா ஒரு ஃபோட்டோகூட இல்லேங்கறீங்க. நான் எதை வெச்சு மேடம் பக்கம் போடறது?"

சாய்சரண் கோபமாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடை மாடியில், வெப்சைட் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மழைக்காலம். அதுவரை ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனிக்கும், ஒரு பல் டாக்டருக்கும், ஒரு நடனப் பள்ளிக்கும் அவன் பக்கங்கள் செய்திருந்தான். எல்லோரும் படங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். எதைத் தள்ளுவது என்பதுதான் அப்போது பெரும்பாடாக இருந்தது. இப்போது எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் புர்காவின் முகத்திரையை மேலே தூக்கி விட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரே ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாள். 'இனாயத் ஸ்டுடியோ, மீர்சாகிப்பேட்டை' என்று போட்டிருந்தது.

"எடுத்த படமெல்லாம் எங்க மேடம்?"

"யாரை எடுத்தேனோ அவங்க ஊட்ல கீது."

"நெகடிவ்?"

"அதுவும் அவங்க ஊட்லதான்."

"ஒண்ணுகூட உங்ககிட்ட வெச்சுக்கலையா?"

"வெச்சுக்கினா யாரு தம்பி என்னைக் கூப்பிடுவாங்க?" என்றாள் நஸ்ருன்னிசா.

அவள் கேமராவைக் கையில் எடுத்த நாளிலிருந்து அப்படித்தான். கல்யாணமான புதிதில் அவள் கணவர் இனாயத் ஒரு நிக்காஹுக்குப் படமெடுக்கப் போனார். ஆண்கள் பக்கம் எடுத்து முடித்துவிட்டுப் பெண்கள் பக்கத் திரையருகே போய் நின்றவரை, உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மணப்பெண்ணின் தாயாருக்கோ மகளின் படம் வேண்டும். இனாயத் வீட்டுக்கு ஓடி வந்து, சமையல்கட்டில் நின்ற மனைவியின் கையில் கேமராவைக் கொடுத்து, எதைத் திருப்ப வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று ரிக்‌ஷாவில் போகிற வழியிலேயே சொல்லிக் கொடுத்தார். முதல் ரோலில் பாதிப் பேருக்குத் தலை இல்லை. ஆனாலும் அந்தத் தாயார் படங்களை வாங்கிக்கொண்டு அழுதாள். வாங்கும்போதே நெகடிவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிப்போனது. ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் இவள். பிரிண்டும் நெகடிவும் ஒரே உறையில் மணப்பெண்ணின் தாயார் கைக்குப் போகும். கலர் வந்த பிறகு, லஸ் பக்கத்தில் ஒரு கலர் லேபில் பிரிண்ட் போடும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த தேவானை என்ற பெண்ணைப் பிடித்து, அவள் ஷிஃப்டில் மட்டும் ரோலைக் கொடுத்தாள். ஆண் கண் படாமல் வரும் படம் என்று பேர் பரவியது. வளைகாப்பு, சீமந்தம் என்று மயிலாப்பூர் வீடுகளிலிருந்துகூடக் கூப்பிட்டார்கள்.

ஆக, அவள் எடுத்த படங்களெல்லாம் மற்றவர்கள் வீட்டு பீரோக்களில் இருந்தன. கடை வாசல் ஷோகேஸில் இருந்தவை இனாயத் எடுத்தவை: குல்லாய் போட்ட குழந்தைகள், பட்டம் வாங்கிய பையன்கள், மீசை வைத்த மாப்பிள்ளைகள்.

அந்த வருஷம் பக்ரீத் கழிந்த சில நாட்களில் இனாயத் போய்விட்டார். காலையில் கடையைத் திறக்கப் போனவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நஸ்ருன்னிசா, கணவர் இறந்தால் மனைவி இருக்க வேண்டிய இத்தாவில், நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அது முடிந்து வெளியே வந்தபோது வரவேண்டிய கல்யாணங்கள் வேறு ஸ்டுடியோக்களுக்குப் போயிருந்தன. இரண்டு பக்கத்துக்கும் ஒரே இடத்தில் சொல்லிவிடுவதுதான் ஜனங்களுக்குச் சௌகரியம். பேசி முடிப்பது, தேதி வாங்குவது எல்லாம் இனாயத்தான் செய்வார். அவளுக்குப் படமெடுக்கத் தெரியும். நான் படமெடுப்பேன் என்று சொல்லத் தெரியாது.

ஷார்ஜாவில் இருக்கும் மகள் ஜோயா போனில் சொன்னாள். அங்கே ஒரு குடும்பம், பூர்வீகம் அடையாறு; ரம்ஜான் முடிந்ததும் பெண்ணின் நிக்காஹைச் சென்னையில் வைத்திருக்கிறார்கள். பெண்கள் பக்கம் எடுக்க ஆள் வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். "ஒரு பக்கம் போட்டுடலாம் அம்மி. சரியா வரலேன்னா கடையை மூடிட்டு இங்க வந்துடு."

இதில் நஸ்ருன்னிசாவுக்கு நன்றாகப் புரிந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். இந்தக் கல்யாணம் கைக்கு வந்தால் அவள் படமெடுக்கிறவள். வராவிட்டால் ஷார்ஜாவில் ஒரு ஃப்ளாட்டில் பேரனுக்குச் சோறு ஊட்டுகிறவள். பேரன்மேல் அவளுக்கு ஆசைதான். ஆனால் அவள் கை கேமராவுக்குப் பழகியிருந்தது.

"சார் எடுத்த படங்களைப் போடலாமே?" என்றான் சாய்சரண்.

"அதைப் பாத்துட்டு வரவங்க அவரைத்தானே கேப்பாங்க."

அவன் பேனாவைத் தட்டிக்கொண்டு யோசித்தான். "சரி மேடம். இது உங்க கடை ஷோகேஸ் மாதிரின்னு வெச்சுக்குங்க."

"தெருவுல போறவங்க பாப்பாங்களே, அதுவா?"

"தெரு இல்லே. உலகம் பூரா."

"எல்லாருமா?"

"யாரு வேணா."

"யாரு பாத்தாங்கன்னு நமக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

பார்க்கிறவனை நாம் பார்க்க முடியாத ஷோகேஸ். நஸ்ருன்னிசாவுக்குத் தலை சுற்றியது. ஆனாலும், எட்டுப் படம் போதும், சம்மதிக்கிறவர்களிடம் கேட்டு வாங்கி வாருங்கள் என்று அவன் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

முதலில் பக்கத்துத் தெரு அஸ்மத்துன்னிசாவிடம் போனாள். அவள் மகள் கல்யாணத்தில் எடுத்ததுபோல் ஒரு படம் அதற்குப் பிறகு அமையவில்லை என்று நஸ்ருன்னிசாவுக்கே நினைப்பு உண்டு. விஷயத்தைக் கேட்டதும் அஸ்மத்துன்னிசா வெற்றிலைப் பெட்டியை மூடினாள்.

"நாலு சுவத்துக்குள்ள எடுத்ததை ஊருக்குக் காட்டறதா? உனக்கு இன்னா ஆச்சு ஆப்பா?"

"கேட்டுப் பாக்கலாமேன்னு வந்தேன். வேணாம்னா வேணாம்."

"வேணவே வேணாம்." வாசல்வரை வந்து வழியனுப்பியவள் குரலைத் தாழ்த்தினாள். "வேற யாரு படம்லாம் போடப் போறே? போட்டப்புறம் சொல்லு. எங்க பையன் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் கீது. நான் பாக்கணும்."

மயிலாப்பூரில் சுப்புலக்ஷ்மி வேறு மாதிரி. மகள் வளைகாப்புக்கு நஸ்ருன்னிசாவை அழைத்தவள். கேட்ட மாத்திரத்தில், "தாராளமாப் போடு. இதுல என்ன இருக்கு?" என்றாள். ஆல்பத்தை எடுத்துவர உள்ளே போனவள் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

"ஆத்துல அவர் வேண்டாங்கறார். இன்டர்நெட்ல போட்டா யார் வேணா எடுத்து வெச்சுண்டுடலாமாமே? மாசமா இருக்கற பொண்ணோட படம். திருஷ்டி பட்டுடும்ங்கறார்."

"அப்ப அந்த வளையல் தட்டை மட்டும் போட்டுக்கவா அம்மா? முகம் இல்லாத படம்தானே."

சுப்புலக்ஷ்மி யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மாறியது.

"தட்டை மட்டுமா? பக்கத்துல நான் நிக்கறேனே, என்னை வெட்டிட்டா போடுவே? அந்தப் பொடவைக்காக நான் எத்தனை கடை ஏறி எறங்கினேன் தெரியுமோ?"

அதற்கு மேல் நஸ்ருன்னிசா யாரிடமும் கேட்கவில்லை. வேண்டாம் என்கிறவர்களுக்குப் பார்க்க ஆசை. சரி என்கிறவர்களுக்குப் போட பயம். இத்தனை வருஷமாக இந்தப் பெண்களின் முகங்களைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறாள். எவளுக்கு இடது பக்கம் எடுத்தால் அழகு, எவள் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் என்பதெல்லாம் தெரியும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் இப்போது பிடிபடவில்லை. இனாயத் இருந்தால் கேட்கலாம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே ஏதாவது சொல்லியிருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தாள். அவர் குரல் நினைவுக்கு வந்தது, வார்த்தை வரவில்லை.

மறுபடி அவள் தி. நகர் மாடிக்குப் போனபோது சாய்சரண் உற்சாகமாக இருந்தான். "நீங்க படம் கொண்டுவர வரைக்கும் சும்மா இருக்க வேணாம்னு ஒண்ணு பண்ணியிருக்கேன் மேடம். பாருங்க."

மோடம் கொஞ்ச நேரம் கீச்சிட்டு அடங்கியது. திரையில் முதலில் 'இனாயத் ஸ்டுடியோ' என்ற எழுத்து வந்தது. அதன்கீழே ஒரு படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கத் தொடங்கியது. ஜரிகை வைத்த முக்காடு. நெற்றிச்சுட்டி. அப்புறம் கண்கள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மூக்கு வந்து, உதடு வந்து, மணப்பெண் சிரித்தாள்.

"யாரு தம்பி இது?"

"யாரோ மேடம். நெட்லேருந்து எடுத்தேன்."

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?"

"எந்த ஊருன்னே தெரியாதே. எல்லாரும் இப்படித்தான் எடுத்துப் போடறாங்க."

நஸ்ருன்னிசா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இதை எடுத்தவன் ஆம்பளை," என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அவ அவனைப் பாத்து சிரிக்கலே. கேமராவைப் பாத்து சிரிக்கிறா. எடுத்துடு."

"எடுத்துட்டா பக்கத்துல ஒண்ணுமே இருக்காது மேடம். ஸ்டுடியோவோட பக்கம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் போன் பண்ணலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. வந்தவங்களுக்குப் பிடிச்சுக்கற மாதிரி ஏதாவது வேணுமில்ல?"

"ஊரான் ஊட்டுப் பொண்ணைக் காட்டிப் பிடிக்க வைக்க வேணாம் தம்பி."

அவன் அந்தப் படத்தை அழித்தான். எட்டுப் படங்களுக்காக அவன் போட்டு வைத்திருந்த எட்டுப் பெட்டிகள் காலியாக நின்றன. அடியில் ஜோயா எழுதி அனுப்பியிருந்த பெயர்கள் மட்டும்: மெஹந்தி, மஞ்சள், நிக்காஹ், வளைகாப்பு, இன்னும் சில. ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. படம் கிடைத்ததும் போடலாம், அதுவரை ஜோயா அங்கிருந்து எழுத்துகளைச் சரிபார்க்கட்டும் என்று அதை அப்படியே நெட்டில் ஏற்றினான்.

ஜோயா சரிபார்த்தாளோ இல்லையோ, ஆசை அவசரத்தில் அந்த முகவரியைக் கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்து பெண்ணின் தாயார், ஜைதூன் பீ.

"உங்க பக்கத்தைப் பாத்தோம் ஆப்பா. வீட்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம்."

காலிப் பெட்டிகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரொம்பத் திருப்தி. மத்த ஸ்டுடியோக்காரங்க பக்கமெல்லாம் பாத்தோம், ஊர்ப்பட்ட பொண்ணுங்க முகம். நாளைக்கு நம்ம பொண்ணையும் இப்படித்தானே போடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. நீங்க பெட்டியைப் போட்டு, பேரை எழுதி, உள்ளே காலியா விட்டுட்டீங்க. மூலையில பெருக்கல் வேற போட்டிருக்கீங்க, இங்க யாரையும் காட்ட மாட்டோம்னு. சொல்லாமச் சொல்லிட்டீங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நஸ்ருன்னிசா போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் யார் வீட்டுப் பெண்ணையும் யாருக்கும் காட்டியதில்லை, அது உண்மை. பெட்டி காலியாக இருப்பது அதனால்தானா? அதனால்தான். அதனால் இல்லையும்கூட. படம் கேட்டு இரண்டு வீட்டுப் படி ஏறியவள் அவள்.

"அது வேணும்னு விட்டது இல்லேம்மா," என்றாள். "பக்கம் இன்னும் முடியலே. படம் கேட்டுப் போனேன். ஒருத்தரும் கொடுக்கலே."

ஐ.எஸ்.டி. லைனில் மெல்லிய இரைச்சல். பிறகு யாரிடமோ எதையோ சொல்லிச் சிரிக்கிற சத்தம்.

"உங்ககிட்ட ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லே. எல்லாம் கொடுத்துட்டேன்."

"அப்ப முடிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்." பிறகு கேட்டாள். "ஆண்கள் பக்கம் இனாயத் பாய்தானே வருவாங்க? பேரு போட்டிருக்கே."

இந்தக் கேள்வி எப்போதாவது வரும் என்று தெரிந்துதான் இருந்தது.

"அவர் மௌத்தாயிட்டார். பக்ரீத் கழிச்சு."

ஜைதூன் பீ அரபியில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "பேரு இருக்கவும் இருக்கார்னு நெனச்சேன்," என்றாள் மெதுவாக. ஆண்கள் பக்கத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும், பெண்கள் பக்கம் நீங்கள்தான் என்றும், அடையாற்றில் பிடித்திருக்கும் மண்டபத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிடும்படியும் சொல்லிப் போனை வைத்தாள்.

சாய்சரணிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "காலிப் பெட்டியைப் பாத்துட்டா? பக்கம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுப்பாங்கன்னு நான் பயந்துட்டிருக்கேன்."

"எனக்கும் புரியலே தம்பி. ஆனா எடுக்க வேணாம்."

"பெருக்கல் குறியாவது எடுத்துடறேன். அது படம் வரலேன்னா தானா வரது."

"அவங்க அதைத்தான் ரொம்பப் புகழ்ந்தாங்க."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு கேட்டான், மேலே ஸ்டுடியோ பேரை மாற்றட்டுமா என்று. மாற்ற வேண்டாம் என்றாள். இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்களே என்றான். நஸ்ருன்னிசாவுக்கு இரண்டு மனமாக இருந்தது. நினைத்தால் நினைக்கட்டும் என்று ஒரு மனம். அவர்கள் ஒவ்வொருவரிடமும் அவர் போய்விட்டதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமே என்று ஒரு மனம். கடைசியில், பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'பெண்கள் பக்கம் மட்டும்: நஸ்ருன்னிசா' என்று போடச் சொன்னாள். போட்டதும், அந்த 'மட்டும்' என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. எடுக்கவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அடையாறு மண்டபத்துக்குப் போனாள். காவலாள் கபாலி பெண்கள் அறையைத் திறந்துவிட்டார். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்தது. ஃப்ளாஷ் அடித்தால் மணப்பெண்ணுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பூ பூத்துவிடும்.

"இதைக் கழட்ட முடியுமா?"

"இன்னாம்மா நீ, சுவத்தோட கீது. எப்படிக் கழட்டறது?"

"துணி போட்டு மூடலாமா?"

"கல்யாண ஊட்ல கண்ணாடிய மூடுவாங்களா? சண்டைக்கு வந்துடுவாங்க. அல்லாரும் அதுல பாத்துத்தான் பூவு வெச்சுப்பாங்க."

நியாயம்தான். நஸ்ருன்னிசா செருப்பைக் கழற்றிவிட்டு மேடைமேல் ஏறினாள். மணப்பெண் உட்காரப்போகும் இடத்தில் தானே உட்கார்ந்து பார்த்தாள். இடது பக்கம் உயரத்தில் ஒரு ஜன்னல். ஃப்ளாஷ் இல்லாமலே எடுக்கிற அளவுக்குச் சாயங்காலம் அந்த வழியாக வெளிச்சம் வருமா, முன்னாலேயே போய்விடுமா என்று தெரியவில்லை.

"சாயங்காலம்வரை இங்கயே இருந்தா பரவால்லையா?" என்று கேட்டாள்.

கபாலி தோளைக் குலுக்கிவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.