திரையின் ஓரத்தில் அறுந்த வரி

இஷா தொழுது பாயிலிருந்து எழுவதற்கு முன் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. "கம்பியூட்டர் கலீல் என்று அழைக்கப்படும்" என்ற சொற்களோடு அறிவிப்பு தொடங்கியதும் மீதியைக் கேட்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. இன்னாலில்லாஹி சொல்லிவிட்டுப் பாயிலேயே இருந்தேன். மறுநாள் ஒட்டப்பட்ட அறிவித்தலில் அவர் புதன்கிழமை மௌத்தானதாக எழுதியிருந்தார்கள். மஃரிபுக்குப் பின் பிரிந்த உயிர், பொழுது சாய்ந்ததும் மறுநாள் தொடங்கும் எங்கள் கணக்கில், வியாழக்கிழமைக்கு உரியது. கலீலின் மகன் நௌசாதிடம் இதைச் சொன்னேன். "சரி மாமா, திருத்துவம்" என்றார். திருத்தவில்லை.

அதே நௌசாத்தான் இந்த நினைவு மலருக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார். மௌத்தானவர்களைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பதை அறியாதவன் அல்லன் நான். நல்லதையும் சொல்வேன். ஆனால், கலீலை அறிந்த உங்களுள் பலர் என்னைப் பற்றி ஒரு விஷயத்தை இன்றும் தவறாக அறிந்திருக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்னால் எழுத இயலாது.

மலரின் மாதிரிப் பக்கத்தில் அவர் கல்முனைக்குடியில் கணினிக் கடை திறந்தது 1992 என்று காண்கிறேன். அது பிழை. 1993, மே மாதம், ஒரு சனிக்கிழமை. நான் அப்போது தபாலதிபராக இருந்தேன். ஒவ்வொரு காலையும் முத்திரையில் நாளை மாற்றுவது என் கையால் நடந்தது. அந்த ஆண்டை நான் மறக்க வழியில்லை. சவூதியிலிருந்து திரும்பியவர்கள் துணிப்பெட்டியும் வானொலியும் கொண்டுவந்த காலத்தில், கலீல் ஒரு கணினியையும் அதனுடன் ஒரு மௌஸையும் கொண்டுவந்தார். எங்கள் பகுதியில் எவரும் மௌஸைப் பார்த்ததில்லை. அவர் அதைக் கைக்குட்டையால் மூடி வைத்திருந்தார்.

கடை திறந்து சில நாட்களில் அவர் எனக்கு ஒரு வித்தை காட்டினார். மிகச் சிறிய நிரல் ஒன்று. கணினியை இயக்கியவுடன் அதை ஒரு தடவை ஏற்றிவிட்டால் அது நினைவகத்தில் போய்க் குந்திக்கொள்ளும். திரையில் அதன் அடையாளமே தெரியாது. வேறு வேலைகள் வழமைபோல நடக்கும். மௌஸின் பொத்தானை அழுத்தியபடி திரையிலுள்ள எழுத்துகளின் மேல் இழுத்தால், இழுத்த இடமெல்லாம் நிறம் மாறும். அந்த எழுத்துகளை அது கவ்விக்கொள்ளும். பிறகு வேண்டிய இடத்தில் கக்கிவிடும். ஒரு முகவரியைத் திரையிலிருந்து எடுத்து இன்னொரு கடிதத்தின் தலையில் வைத்துக் காட்டினார்.

"இது எங்க இரிக்கி?" என்று கேட்டேன்.

"உள்ளுக்குத்தான் இரிக்கும் காக்கா. கூப்பிட்டாத்தான் வரும்" என்றார், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று அழைக்கும் கலீல்.

அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து பிறகும் ஒருமுறை கேட்டேன். அதற்கு வருகிறேன்.

அந்த வித்தையால் அவர் செய்த நன்மையை முதலில் பதிவுசெய்ய வேண்டும். அகதிகளாக இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் நிவாரணப் பட்டியல்கள் அப்போது கணினியில் வரத் தொடங்கியிருந்தன. ஒரு விண்ணப்பத்துக்காகப் பெயரைத் திரும்பத் தட்டும்போது ஓர் எழுத்து மாறினால், அந்தப் பெயருக்கு உரியவருக்கு அரிசி கிடையாது. விநாயகபுரத்திலிருந்து வந்த மீனவர் ஒருவர் இப்படி மூன்று தடவை அலைந்திருந்தார். கலீல் அவருடைய பெயரைத் தட்டவில்லை. பட்டியலில் இருந்தபடியே மௌஸால் இழுத்து எடுத்து விண்ணப்பத்தில் வைத்தார். "நான் எழுதினா பிழைக்கும். அவங்க எழுதினத அவங்களுக்கே குடுத்தா ஆரு பிழை செல்ற?" என்றார். அந்த மனிதர் அடுத்த கிழமை ஒரு பெரிய பாரை மீனுடன் கடைவாசலில் நின்றார். கலீல் அதில் பாதியை என் வீட்டுக்கு அனுப்பினார். அவருடைய கை அப்படிப்பட்டது.

இனி நாட்காட்டி.

தபாலகத்தில் சேர்ந்த காலம் முதல் நான் ஆண்டுதோறும் ஒரு நாட்காட்டி கணித்து வந்தேன். தொழுகை நேரங்கள், பிறைக் கணக்கு, பௌர்ணமிப் போயா தினங்கள், பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் கோயில்களின் விசேட நாட்கள், வேளாண்மைக்கு வாய்க்கால் திறக்கும் காலம் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் அதை வெளியிடும். பெருநாள் வரிகளில் நான் மாறாத ஒரு வழக்கம் வைத்திருந்தேன். 'நோன்புப் பெருநாள்' என்று எழுதி, அதன் வால்போல 'பிறை கண்டால் மட்டும்' என்று சேர்ப்பேன். கணக்கு என்னுடையது, பெருநாள் என்னுடையது அன்று. அதைப் பிறைதான் தீர்மானிக்க வேண்டும்.

1994ஆம் ஆண்டுக்கான நாட்காட்டியை முதன்முறையாகக் கணினியில் செய்தேன். கொழும்பிலிருந்த என் மருமகன் அதற்கு ஒரு நிரல் எழுதித் தந்தார். என் டிஸ்க்கைப் போட்டால் திரையில் மாதம் மாதமாகப் பார்க்கலாம். கடவுச்சொல் இல்லாமல் அச்சிடவோ பிரதி எடுக்கவோ முடியாது. அந்தத் திரையில் தமிழ் வராது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தேன். அச்சகத்தில் கோப்பவர் அதைப் பார்த்துத் தமிழில் எழுத்துக் கோப்பார். திரையின் அகலம் எண்பது எழுத்து. நாளும் தொழுகை நேரங்களும் முன்னால் வருவதால் என் வரிகள் சில அதைவிட நீளமானவை. வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் மீதி நகர்ந்து வரும். சரிபார்க்கும்படி டிஸ்க்கை ஒரு நாள் கலீலின் கடையில் விட்டுவந்தேன். கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. நம்பாமல் அல்ல, கேட்கவில்லை அவர்.

தை மாதம் பள்ளிவாசலின் நாட்காட்டியோடு ஊரில் இன்னொன்றும் தொங்கியது. கலீலின் மச்சினனுடைய புடைவைக் கடை வாடிக்கையாளர்களுக்கு வழங்கிய வண்ண நாட்காட்டி. பார்க்க அழகாக இருந்தது. நான் சந்தேகப்படவில்லை. ஊரில் ஆயிரம் நாட்காட்டி வரும்.

அந்த ரமழானின் இருபத்தொன்பதாம் மாலை வானம் மூடியிருந்தது. பிறை தென்படவில்லை. அப்படியானால் மறுநாளும் நோன்பு. கல்முனையில் அன்று மின்சாரமும் இல்லை, பள்ளிவாசல் ஒலிபெருக்கி இயங்கவில்லை. வானொலி கேட்க மின்கலம் வைத்திருந்தவர்கள் சிலரே. கடற்கரைத் தெருவில் பல வீடுகளில் அந்த வண்ண நாட்காட்டி தொங்கியது. அதில் மறுநாளுக்கு நேரே, சிவப்பில், 'நோன்புப் பெருநாள்'. அவ்வளவுதான். அதற்குப் பின் எதுவும் இல்லை. அவர்கள் காலையில் குளித்து, சாப்பிட்டு, புதுச் சட்டையுடன் பள்ளிக்கு வந்தார்கள். பள்ளியில் நாங்கள் நோன்போடு குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்தக் கணத்தை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. வெற்றிலைச் சிவப்பு மாறாத வாயோடு ஒருவர் என் முன்னால் வந்து நின்றார்.

"போஸ்மாஸ்டர், எங்கட நோன்பை முறிச்ச நீங்கதான்" என்றார்.

ஏனென்றால் ஊருக்குத் தெரியும். நிமிடக் கணக்கு வரை எல்லா எண்களும் என்னுடையவை. என் கணக்கு போல வேறு எவரிடமும் இல்லை.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபை கூடியது. கலீலை நானே அழைத்துச் சென்றேன், எனக்குச் சாட்சியாக. பாயில் என் பக்கத்தில் இருந்தார். வண்ண நாட்காட்டியை முன்னால் விரித்துவிட்டுத் தலைவர் கேட்டார், இது என் கணக்குத்தானா என்று. கணக்கு என்னுடையது, நாட்காட்டி என்னுடையது அன்று என்றேன். டிஸ்க்கிலிருந்து எவரும் பிரதி எடுக்க முடியாது என்பதையும், அதைக் கலீல் அறிவார் என்பதையும் சொன்னேன். தலைவர் அவரைப் பார்த்தார்.

"அப்பிடியா கலீல்?"

"ஓம். அந்த டிஸ்க்குல கொப்பி எடுக்க ஏலாது" என்றார் கலீல்.

"அப்ப போஸ்மாஸ்டர் குடுக்காம இது வெளிய போக வழியில்ல."

கலீல் பாயின் ஓரத்துக் கோரையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் கதைக்கவில்லை. பெருநாளைத் தன் பெயருக்காகப் புடைவைக் கடைக்குக் கொடுத்தவன் என்ற பழியோடு நான் எழுந்தேன். அடுத்த ஆண்டிலிருந்து பள்ளிவாசலின் நாட்காட்டியை வேறொருவர் கணித்தார். இன்றுவரை எவரும் என்னிடம் நாட்காட்டி கேட்டதில்லை.

இரண்டு நாட்காட்டிகளையும் வீட்டில் அருகருகே வைத்துப் பார்த்தது பெருநாள் கழிந்த கிழமை. வண்ண நாட்காட்டியில் நீளமான வரிகள் எல்லாம் பாதியில் நின்றிருந்தன. காரைதீவு கண்ணகி அம்மனின் குளிர்த்திச் சடங்குக்கு நேரே 'அம்மன் கோயிலில் குளிர்' என்று இருந்தது. கோப்பவர் பாவம், கண்டதைக் கோத்திருக்கிறார். நான் ஆங்கில எழுத்தில் தட்டிய வரிகளோடு எண்ணிப் பார்த்தேன். எல்லாம் எண்பதாம் எழுத்தில் அறுந்திருந்தன. டிஸ்க்கிலிருந்து எடுத்திருந்தால் முழுமையாக இருக்கும். கண்ணால் பார்த்து எழுதியிருந்தாலும் அம்புக்குறியை அழுத்தியிருப்பார்கள். திரையின் மேல் மௌஸை இழுத்தால் மட்டுமே இப்படி வரும். 'பிறை கண்டால் மட்டும்' திரைக்கு வெளியே நின்றுவிட்டது.

கல்முனையில் அந்த மௌஸ் ஒன்றுதான் இருந்தது.

கலீல் சபையில் பொய் சொல்லவில்லை. டிஸ்க்கிலிருந்து கொப்பி எடுக்க ஏலாது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையைத் திரையின் அகலத்துக்கு மட்டும் சொன்னார். ஒரு பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று பல ஆண்டுகள் எண்ணியிருக்கிறேன்.

கடைக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. "மச்சினன் கேட்டான் காக்கா. அவங்கட ஊட்டுலதானே நான் இரிக்கன்" என்றார். எங்கள் ஊர்களில் ஆண் கலியாணம் முடித்துப் பெண் வீட்டில் வாழ்கிறான். மச்சினனுக்கு இல்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது எனக்கும் தெரியும். அதை நான் ஏற்றுக்கொண்டேன். சபையில் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். கடைப் பையனை அனுப்பி எனக்குப் பிளேன்டீ எடுப்பித்தார். நான் குடிக்கவில்லை. அவரே போய்ச் சபையில் சொல்வார் என்று காத்திருந்தேன். அடுத்த வெள்ளி சொல்வார், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் சொல்வார் என்று இருந்தேன்.

அவர் சொல்லவில்லை. ஆனால், ஒவ்வொரு நோன்புப் பெருநாள் காலையும் வட்டிலப்பத்துடன் என் வீட்டுக்கு வந்தார். ஓர் ஆண்டும் தவறவில்லை. இதையும் நான் பதிவுசெய்கிறேன். நான் என் சுவருக்கு மட்டும் கையால் நாட்காட்டி எழுதிக்கொண்டிருந்தேன். அதில் வரியை மாற்றியிருந்தேன். ஒரு பெருநாளில் அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"காக்கா, பிறையக் கொண்டு முன்னுக்குப் போட்டீங்க?"

"பின்னுக்குக் கிடந்தா வெட்டுப்பட்டுப் போகுது" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. பிறகு வட்டிலப்பத்தில் இனிப்புக் கூடிவிட்டதா என்று கேட்டார்.

இறுதியாக அவரைக் கண்டது அவர் படுக்கையில் இருந்தபோது. சுகம் விசாரித்தேன். சவூதி நாட்களையும், அந்த முதல் கணினியையும் பற்றிக் கதைத்தார். எழும்பும் நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளுக்குத்தான் இரிந்திச்சு காக்கா. கூப்பிட்டாத்தான் வரும். நீங்க ஒரு நாளும் என்னப் பள்ளிக்குக் கூப்பிடல்லியே."

கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். சாகப் போகும் மனிதனிடம் வாக்குவாதம் செய்யும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் வீதியில் தனியே வாதாடிக்கொண்டே நடந்தேன். முப்பது ஆண்டுகளாக வாயை மூடியிருந்தவர், அந்த மௌனத்தையும் கடைசியில் என் கணக்கில் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டார். கூப்பிடவில்லையாம். சாட்சியாகக் கையைப் பிடித்துச் சபைக்குக் கூட்டிப்போனது யார்? என் சுவரில் ஒவ்வோர் ஆண்டும் தொங்கிய வரி எதற்கு?

ஜனாஸாத் தொழுகைக்கு முன் நௌசாத் முன்னால் நின்று, வழமையாகக் கேட்பதைக் கேட்டார். "எங்கட வாப்பாவால ஆருக்காவது மனவருத்தம் இரிந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க." பள்ளி முழுதும் ஒரே குரலில் பொறுத்துக்கொண்டோம் என்றது. முன் வரிசையில் நின்ற என் நாக்கு எழவில்லை. எவரும் கவனிக்கவில்லை. தொழுதேன். மையவாடி வரை சென்றேன். மூன்று பிடி மண் போட்டேன்.

கலீலிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பழக்கம். நிபந்தனையை முன்னால் எழுதுவது. என் சுவரில் இப்போதும் 'பிறை கண்டால்' என்ற சொற்கள் முதலில் வரும். 'நோன்புப் பெருநாள்' பிறகு வரும். எவர் எந்த அகலத்தில் வெட்டினாலும் இனி அது அறாது.

நௌசாத், நீங்கள் அன்று கேட்டதற்கு என் பதிலையும் அந்த முறையிலேயே எழுதுகிறேன். அன்று சபையில் இருந்தவர்களில் மூவர் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தை ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியில், அவர்கள் காதில் விழும்படி முழுமையாக வாசித்துக் காட்டினால், உங்கள் வாப்பாவை நான் பொறுத்துக்கொண்டேன்.