வாய் வைத்த டம்ளர்

புவனேஸ்வரன் வீட்டுச் சமையலறையில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. லோரிச் சாவிக்காக அடித்த ஆணி. ஆனால் இடையில் மூன்று வருஷத்துக்கு மேல் அதில் சாவி தொங்கவில்லை. சாவி மனைவி முத்தாயியின் இடுப்பில்தான் இருந்தது.

காலை ஐந்தரைக்கு அவர் குளித்து, திருநீறு பூசி, சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து நிற்பார். முத்தாயி தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஊதுங்க" என்பாள். அவர் ஊதுவார். பற்பசை வாசம் மட்டும் வந்தால் சாவி கைக்கு வரும். வேறு வாசம் வந்தால் 'இன்னிக்கு அவருக்குக் காய்ச்சல்' என்று ஆபீசுக்குப் போன் போகும் என்பது ஏற்பாடு. ஒருநாள்கூட அந்தப் போன் போகவில்லை. மகள் திலகா அப்போது வீட்டில் இருந்தாள், சிரம்பான் ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்குப் போகும் முன். "அப்பா, போலீஸ் ரோட்பிளாக் போட்டாச்சு, சீக்கிரம் போங்க" என்று அறைக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

போன தீபாவளிக்கு மறுநாள் அவர் வந்து நின்றபோது முத்தாயி ஊதச் சொல்லவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், எடுத்துக்கொண்டார், தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

புவனேஸ்வரனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. மலேசியாவில் லிங்கி ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா ரப்பர் பால்மரம் சீவியவர். இவருக்குப் பதினேழு வயதானபோது பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும் கெலிண்டானாக லோரியில் ஏறினார், பிறகு தானே டிரைவரானார். செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. ஆலையில் வரிசை நீளமாக இருக்கும். வரிசையில் நிற்கிற லோரிகளின் டிரைவர்களுக்கு எதிரே ஒரு கடை இருந்தது. அவர் குடிக்க ஆரம்பித்ததற்கு அதற்கு மேல் கதை எதுவும் இல்லை. முதலில் சம்சு என்கிற மலிவுச் சாராயம், கையில் பணம் கொஞ்சம் தாராளமான பிறகு பீர்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு காலை பத்து மணிக்கு, பாலத்துக்கு முந்தின வளைவில் லோரியைக் கவிழ்த்தார். குலைகள் சாலை முழுக்க உருண்டன. யாருக்கும் அடியில்லை. பள்ளிக்கூட வேன் ஒன்று அந்த வளைவைத் தாண்டி இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. பிரேக்கை மிதித்தாயா என்று மேனேஜர் கேட்டார். புவனேஸ்வரனுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டி முன்னால் போய் நின்று, இடது உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, எரிய எரிய வலது கையால் அடித்து அணைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். கையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுத்த வருஷமே பழைய பூசாரி ஆறுமுகம் மகனோடு இருக்கப் போய்விட்டார். தோட்டத்தில் இப்போது தமிழர்கள் குறைவு. லயத்து வீடுகளில் வங்காளதேசத்துக்காரர்கள் இருக்கிறார்கள், நம்மவர்கள் எல்லாரும் வெளியே தாமான் குடியிருப்புகளில். பூசைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் குடிக்காதவராக இருக்க வேண்டும். தேடிப் பார்த்ததில் புவனேஸ்வரன்தான் அகப்பட்டார்.

"சாமி குடிக்கும், பூசாரி குடிக்க மாட்டாரு. நம்ம தோட்டத்துலதான் லா இந்தக் கூத்து" என்பார் ராமகிருஷ்ணன். அவரும் லோரி ஓட்டுகிறவர்தான். முனியாண்டிக்குச் சுருட்டும் கறுப்பு பீரும் படைக்க வேண்டும். பாட்டிலைத் திறந்து செம்பில் ஊற்றுவது பூசாரியின் வேலை. நுரை விரலில் வழியும். புவனேஸ்வரன் வாளித் தண்ணீரில் விரலைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

இந்த வருஷம் ஆடிப் பூசை மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தகரக் கொட்டகைக்குள் முனியாண்டிக்கு இடப்பக்கம் அம்மன் கல் இருக்கிறது. அம்மனுக்குச் சைவம். முனியாண்டிக்குப் படையல் போடும்போது நடுவில் ஒரு மஞ்சள் துணியை இழுத்துவிடுவார்கள். ஆட்கள் கொண்டுவருகிற பொருளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்து வைப்பது முத்தாயியின் பொறுப்பு. அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. கண்ணாடிப் பாட்டில், கறுப்பு நிறம், சுருட்டு என்றால் முனியாண்டி. பால், பழம், பழப்படம் போட்ட எதுவும் அம்மன். அதிலே மிஞ்சுகிற பானம் ஐஸ் பெட்டிக்குள் போகும், பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு.

முத்தாயியின் அண்ணன் மகன் சசிதரன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வேலை நிரந்தரமானால் முனியாண்டிக்குப் படைப்பதாக வேண்டியிருந்தான். காரை நிறுத்த இடமில்லாததால் ஓர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்து, "அத்தை, இது சாமிக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினான். பெட்டிக்குள் ஆறு வெள்ளை டின்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கண்ணாடி போட்ட கொழுத்த மாம்பழம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ், எறும்பு மாதிரி. முத்தாயி நான்கை அம்மன் முன்னால் அடுக்கினாள், இரண்டை ஐஸ் பெட்டியில் போட்டாள்.

பூசை முடிய ஒரு மணி ஆனது. காலையிலிருந்து புவனேஸ்வரன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தகரத்துக்குக் கீழே புகையும் வெக்கையும். கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து, ஐஸ் பெட்டியில் கைக்கு வந்த டின்னை உடைத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். மஞ்சளாக, கலங்கலாக, மாம்பழத்தை அடித்து ஊற்றின மாதிரி இருந்தது. கொஞ்சம் நுரை. காற்றடைத்த பானம் எல்லாமே நுரைக்கத்தானே செய்யும். அந்த டம்ளர் எல்லாருக்கும் பொது என்பதால் எப்போதும்போல அண்ணாந்து, உதட்டில் படாமல், தொண்டைக்குள் ஊற்றினார். நாக்கு விசாரிப்பதற்குள் பெரிய ஒரு மடக்கு இறங்கிவிட்டது.

இறங்கின பிறகுதான் தெரிந்தது. முதலில் மாம்பழம். அதற்குப் பின்னால், ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் மூக்கில் ஏறுமே, அந்த வாசம். கடைசியில் அடிநாக்கில் ஒரு கசப்பு. பிறகு நெஞ்சுக்குள் அந்தப் பழைய சூடு. நான்கு வருஷமானாலும் அது வழியை மறக்கவில்லை.

டம்ளரில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அவர் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் சோற்றுப் பந்தியில் இருந்தார்கள். டம்ளரை வாயில் வைத்தார். இந்தத் தடவை மெதுவாக, உதட்டை ஈரமாக்கி, நாக்கில் நிறுத்திக் குடித்தார். நன்றாக இருந்தது. அந்தக் காலத்தில் அவர் குடித்த எதுவும் ருசிக்காகக் குடித்ததில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு இறக்கியதுதான். இது பழத்தோப்பு மாதிரி மணத்தது.

"மாமா!" சசிதரன் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றான். "என்ன மாமா, நீங்க போயி அதைக் குடிக்கிறீங்க?"

"ஏண்டா?"

"அது பீர் மாமா. நான் முனியாண்டிக்குக் கொண்டாந்தது."

புவனேஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார். "பீரா? மாம்பழம்ல போட்டிருக்கு?"

"மாம்பழப் பீர் லா. வடிகட்ட மாட்டாங்க, கலங்கலாத்தான் இருக்கும். சின்னச் சின்னக் கடையில அவங்களே காய்ச்சுறது. சிங்கப்பூர்ல இப்ப இதான் ஓடுது."

விஷயம் பந்திக்குப் போக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மன் முன்னாலிருந்த நான்கு டின்களையும் யாரோ அவசரமாகத் துணிக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். ராமகிருஷ்ணன் இலையை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அண்ணே, மூணு வருஷமா சாமிக்கு நீங்க ஊத்துனீங்க. சாமி பாவம் பாத்து ஒரு தரம் உங்களுக்கு ஊத்திருச்சு, போங்க."

எல்லாரும் சிரித்தார்கள். "அண்ணி, இனிமே இளநி வந்தாலும் மோந்து பாத்துட்டு வைங்க" என்றார் முத்தாயியிடம். முத்தாயி சிரிக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"என் தப்புதான். மூக்குக் கண்ணாடி போடாம வந்துட்டேன்" என்றாள்.

"விடு, தெரியாம நடந்தது" என்றார் புவனேஸ்வரன்.

நான்கு மணிக்கு வீடு திரும்பினார்கள். மோட்டார் சைக்கிளில் முத்தாயி பாத்திரக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள். சமையலறையில் பாத்திரக் கூடையைப் பிரித்தபோது தட்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளை டின் இருந்தது. ஐஸ் பெட்டியில் போட்டதில் மற்றொன்று. அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் ஒரு பொழுது இருக்கப்போறேன்" என்றாள். "சாயங்காலம் முனியாண்டிகிட்ட போயி என் கையில கற்பூரம் ஏத்திக்கிறேன். சத்தியம் உங்களால உடையல. என்னாலதான் உடைஞ்சுச்சு."

"அதெல்லாம் எதுக்கு?"

"எதுக்கா? நாலு வருஷம். நாலு வருஷத்தை நான் ஐஸ் பொட்டியில போட்டுக் குடுத்துருக்கேன்."

அவர் இடது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

முத்தாயி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஒரு டம்ளர் எடுத்து வந்தாள்.

"என்ன செய்யுற?"

"குடிச்சுப் பாக்குறேன்."

"நீயா?"

"சாமி கேட்டா சொல்லணுமில்ல, எப்படித் தெரியாமப் போச்சுன்னு. எனக்கே தெரியாம நான் போயி என்னத்தைச் சொல்ல?"

முத்தாயி ஐம்பது வயதில் முதல் தடவையாகப் பீர் டின்னைத் திறந்தாள். வளையத்தை இழுக்கத் தெரியாமல் தேங்காய் கீறும் கத்தியின் நுனியை விட்டு நெம்பினாள். ஊற்றினாள். அண்ணாந்தாள். ஒரு மடக்கு. இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"மாம்பழம்தான்" என்றாள். குரலில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. "யாருக்கும் தெரியாது. ஜூஸ்னுதான் நெனைப்பாங்க." சப்புக்கொட்டினாள். முகம் மாறியது. "இப்பத்தான் கசக்குது. இறங்குன பொறவு."

"ஆமா" என்றார் அவர்.

முத்தாயி டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குற்றம் கேட்கிற குரலில் இல்லை, கறியில் உப்புப் போட்டாயா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"நீங்க அண்ணாந்துதானே குடிச்சீங்க?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வெள்ளிக்கிழமை அவள் போய்க் கையில் கற்பூரம் ஏற்றிக்கொள்வாள், விஷயம் முடிந்துவிடும். சசிதரன் அவரைப் பார்த்தது கையில் டம்ளரோடு மட்டும்தான்.

"மொத மடக்கு அண்ணாந்துதான்" என்றார் புவனேஸ்வரன்.

"அப்புறம்?"

"வாய் வெச்சேன்."

வெளியே ஐஸ்கிரீம் மோட்டார் மணியடித்துக்கொண்டு போனது. முத்தாயி தன் டம்ளரை மேசையில் தள்ளி வைத்தாள்.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"எவ்வளவு?"

"டம்ளர்ல கொஞ்சம்தான் மிச்சம் இருந்துச்சு, அவன் வரும்போது."

"அவன் வந்து சொன்னப்போ தெரியாத மாதிரி கேட்டீங்க. பீரான்னு."

"ஆமா."

"எல்லாரும் என்னையச் சிரிச்சாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முத்தாயி எழுந்து டின்னில் மிச்சமிருந்ததைச் சிங்க்கில் கவிழ்த்தாள். நுரை அடங்கும் வரை குழாயைத் திறந்துவிட்டாள். டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஒரு டம்ளருக்கு அவ்வளவு தேய்ப்பு தேவையில்லை.

"நல்லா இருந்துச்சா?" என்றாள், திரும்பாமலே.

அவர் யோசித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு."

"ம்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வெள்ளிக்கிழமை நான் வரல. நீங்களே போயி உங்க சாமிகிட்டச் சொல்லிக்குங்க. பூசாரியா வேற ஆளைப் பாக்கச் சொல்லணுமா, வேணாமான்னும் நீங்களே கேட்டுக்குங்க. ராமகிருஷ்ணன்கிட்டயும் சொல்லுங்க, அண்ணி கண்ணு மேல தப்பில்லன்னு."

"சொல்றேன்."

அன்று மாலை அவள் ரசம் வைத்தாள், அவர் சாப்பிட்டார். திலகா போன் செய்தபோது பூசை நன்றாக நடந்தது என்று முத்தாயி சொன்னாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் புவனேஸ்வரன் குளித்து, திருநீறு பூசி, பொத்தானைப் போட்டபடி சமையலறைக்கு வந்தார். கை பழக்கத்தில் ஆணிக்குப் போனது. ஆணியில் ஒன்றும் இல்லை.

முத்தாயி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் சாவி தெரிந்தது.

"ஊதுங்க" என்றாள்.

அவர் கொஞ்சம் குனிந்து ஊதினார். அவள் கண்ணை மூடி மோந்தாள், முன்பு மோந்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு சாவியை எடுத்துத் தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இனி எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

"தெரியல" என்றாள் முத்தாயி. "குடிச்சுட்டுக் கிளம்புங்க. முந்தாநேத்து வெட்டுன குலையெல்லாம் ரோட்டோரத்துல கெடக்கு."