பை வைத்தவர்களுக்குச் சோறு

ஞாயிற்றுக்கிழமை காலை செல்போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. கடல் சரியில்லை, நாளைய கட்சால் தீவுக் கப்பல் ரத்து. எனக்குக் கட்சாலில் வேலையும் இல்லை, கையில் டிக்கெட்டும் இல்லை. எப்போதோ ஒரு பயணத்துக்குக் கொடுத்த நம்பரை விடாமல் பிடித்துக்கொண்டு எனக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். படித்து முடிப்பதற்குள் மூக்கில் ரசம் மணத்தது. மிளகைத் தட்டிப் போட்ட, புளி கொஞ்சம் தூக்கலான ரசம். வீட்டில் அப்போது உப்புமா கிளறிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அது இதே ஊரில், ஜங்லிகாட்டில் முத்தையா அண்ணன் மெஸ்ஸில் வைக்கிற ரசம். சிவகங்கைப் பக்கத்திலிருந்து சர்க்கார் வேலை கிடைத்து அந்தமானுக்கு வந்து போர்ட் பிளேரில் இறங்கிய எனக்கு, அந்த மெஸ்ஸுக்கு மேலே தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் அப்போது வீடு. மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

முத்தையா அண்ணன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு கட்சாலுக்கு வந்து, ரப்பர் மரம் சீவிப் பிழைத்தவர். சுனாமி வந்தபோது மனைவி புஷ்பம் அக்காவையும் மகன் ராஜனையும் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறித் தப்பி, பிறகு போர்ட் பிளேருக்கு வந்து மெஸ் போட்டவர். அந்த மேட்டில் தின்பதற்குத் தேங்காயை விட்டால் ஒன்றுமில்லை. அந்த நாட்களைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. ஆனால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த மெஸ்ஸில் கடைசிவரை தேங்காய்ச் சட்னி கிடையாது. கேட்டால், "அது நமக்கு ஏலாது தம்பி" என்பார்.

மெஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் ரத்தானால் தீவுகளுக்குத் திரும்பவேண்டியவர்கள் போர்ட் பிளேரிலேயே மாட்டிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஆபீசில் ஒரு கையெழுத்துக்காக வந்தவர்கள். கொண்டுவந்த காசு தீர்ந்திருக்கும். சோறு கேட்கக் கூச்சம். வாசலில் நின்று, "பையக் கொஞ்சம் வச்சுக்கலாமா?" என்று மட்டும் கேட்பார்கள். அண்ணன் பையை வாங்கிச் சுவரோரப் பெஞ்சில் வைப்பார். பை பெஞ்சில் ஏறிவிட்டால் ஆள் பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும். கப்பல் வரும்வரை அதுதான் சட்டம். பெங்காலிப் பை, தெலுங்குப் பை, நிக்கோபாரிப் பை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். திக்லிபூர்க்காரர் ஒருவரின் பையிலிருந்து ஒருமுறை கோழி எட்டிப் பார்த்தது. அண்ணன் அதற்கும் சோறு போட்டார்.

ஒரு மழைக்காலத்தில் திடீரென்று, உயில் எழுதப்போகிறேன் என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை. தனக்குப் பிறகும் இந்தச் சோறு நிற்கக்கூடாது என்பதுதான் யோசனை. மெஸ் கட்டடத்தை யாரும் விற்கக்கூடாது. முன்பக்கத்து இரண்டு கடைகளின் வாடகை, கப்பல் ரத்தாகும் நாட்களின் அரிசிக்கு. புஷ்பம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நல்லாருக்குற மனுசன் எதுக்கு உயில் எழுதணும்? எமன வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடணுமா?"

அழுகை தெருவுக்குக் கேட்டுவிட்டது. உயில் என்றால் ஆள் போகிறார் என்றுதானே ஊர் நினைக்கும்? சாயங்காலத்துக்குள் ஜங்லிகாட்டே ஆப்பிளும் இளநீருமாக வந்து நின்றது. மீன் விற்கும் பெங்காலி தாதா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்க, "டாக்டர் க்யா போலா, பாய்?" என்று டாக்டர் சொன்னதை விசாரித்தார்.

"டாக்டர் இல்ல தாதா, வக்கீல்!" என்றார் அண்ணன். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து உலை வைக்கவேண்டியதாயிற்று.

சாட்சிக் கையெழுத்துப் போட நானும் வக்கீல் வீட்டுக்குப் போனேன். 'ஏழை எளியோர்க்கு அன்னதானம்' என்று வக்கீல் அழகாக எழுதிப் படித்துக் காட்டினார். அண்ணன் தலையாட்டவில்லை.

"ஏழைன்னு போடாதீங்க சார். பை வச்சவங்கன்னு போடுங்க."

"கோர்ட்டுல சிரிப்பாங்க, முத்தையா."

"சிரிக்கட்டும் சார். சாப்புட வர்றவனப் பாத்து எவனும் சிரிக்கக்கூடாது."

அப்படியே எழுதப்பட்டது. அதற்குப் பிறகு சில வருடங்கள் நன்றாக இருந்துவிட்டு, யாருக்கும் ஆப்பிள் வாங்க அவகாசம் தராமல் ஒரு மதியம் அண்ணன் போய்விட்டார். சென்னையில் வேலையிலிருந்த ராஜன் வந்தான். உயில் விவரம் தெரிந்ததும் அவன் முகம் கறுத்துவிட்டது. கேஸ் போடுவேன், கட்டடத்தை விற்றுவிட்டு அம்மாவை மெயின்லேண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்றான். காரியம் முடிந்த மறுநாள் என்னிடம் வெடித்தான்.

"அந்த மேட்டுல எனக்கும் பசிச்சுச்சுதானேண்ணே? ஊருக்கெல்லாம் எழுதினாரு. எனக்கு என்னத்த எழுதினாரு?"

மெஸ்ஸைப் பூட்டப்போகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு அவன் வாசலுக்குப் போனான். நானும் பின்னால் போனேன். அன்றைக்குக் கப்பல் ரத்து. அண்ணன் இறந்தது தெரியாமல், கைக்குழந்தையோடு ஒரு பெண் மழையில் நனைந்து நின்றிருந்தாள். "பையா, பேக் இதர் ரக்கேகா?" என்றாள். அண்ணா, பையை இங்கே வைக்கலாமா என்கிறாள்.

ராஜன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அவள் கையிலிருந்ததை வாங்கிப் பெஞ்சில் வைத்தான். "யம்மா, உலைய வையி" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கேஸும் போடவில்லை, சென்னைக்கும் திரும்பவில்லை.

அந்த வாசனை விடாமல் துரத்தியதால், திங்கட்கிழமை மதியம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். புஷ்பம் அக்கா இப்போது இல்லை. ராஜன்தான் சமைக்கிறான், தொப்பை போட்டிருக்கிறது. சோறு வடித்து, ரசம் இறக்கி, பெஞ்சைத் துடைத்து வைத்திருந்தான். பெஞ்சில் ஒன்றுமில்லை. ரத்துச் செய்தி முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போய்விடுகிறது. பாதிப்பேர் கிளம்புவதே இல்லை. மாட்டிக்கொண்டவனுக்கும் வீட்டிலிருந்து போனிலேயே பணம் வந்துவிடுகிறது. யாரும் பட்டினி கிடக்கவில்லை என்றால் சந்தோஷப்படாமல் இதற்குப் போய் ஏங்குகிறாயே, வெட்கமாக இல்லையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஏக்கம் அடங்கவில்லை. நாலு பாஷையில் ஒரே நேரத்தில் ரசம் கேட்ட அந்தக் கூச்சல் எங்கே போயிற்று?

ராஜன் கரண்டியோடு வாசலுக்கு வந்து ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"காலையிலேருந்து ஒருத்தரும் வரலண்ணே. நீங்களாவது உக்காருங்க."

நான் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். போதும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டியும் கேட்காமல் அவன் போட்டுக்கொண்டே இருந்தான். அத்தனை நீளமான பந்தியில் நான் ஒருத்தன்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.