நாலு பேருக்கான ஸ்பிறிங்

மொன்றியலுக்கு வந்த இத்தனை வருடத்தில் என் நிறையை டாக்டர்கள்தான் கேட்டிருக்கிறார்கள். இந்த வசந்தத்தில் ஒரு கராஜ்காரர் கேட்டார். ரொக்ஸ்பரோவில் கராஜ் வைத்திருக்கும் கியூபெக்காரர். "போன்ஜூர்" சொன்ன வாயோடு, காரில் யார் யார் இருப்பீர்கள், என்ன நிறை என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்காமல், என் நிறையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார்.

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கி ஓய்வு பெற்றவர் இவர். ஓய்வு பெற்ற கையோடு, எங்கள் கல்யாணத்தை விட வயதான ஓர் அமெரிக்கக் காரை வாங்கி வந்தார். இரண்டே கதவு, நீட்டு மூக்கு, நாங்கள் இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முழுக்கக் கேட்கும் எஞ்சின். நேரே விட்டால் பறக்கும், வளைவில் திருப்பினால் ஒரு பக்கமாகச் சரியும். கோயில் தேருக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், அதற்குள் புது ஸ்பிறிங்கும் ஷொக் அப்சோபரும் போட்டு, நாலு பேரும் இதில்தான் கோயிலுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

ஏறுகிறவர்களின் நிறைக்கு அளவாகத்தான் ஸ்பிறிங் போடுவார்களாம். ஆகவே ரொறன்ரோ மகனின் நிறையையும் வன்கூவர் மகளின் நிறையையும் சேர்த்துச் சொன்னார். கராஜ்காரர் நெற்றியைச் சுருக்கினார். எப்போதும் நாலு பேருமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "யெஸ், யெஸ், ஃபமிலி கார்!" என்றார் இவர் பெருமையாக. பந்தயக்காரர்கள் ஆசைப்படும் காரை அப்படி ஒருவரும் அந்த மனிதரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பாவம், தலையாட்டிவிட்டு நாலு பேருக்கான ஸ்பிறிங்கைப் போட்டுவிட்டார்.

ஊரில் இருந்து வாசிக்கும் உங்களுக்கு இதில் பிழை ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டுக்கு வாடகைக் கார் பிடித்தால் நாங்கள் தலைகளை எண்ணினோமா? கதவு பூட்டுப்பட்டால் சரி. மடியில் ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் மடியில் பலகாரப் பெட்டி. இங்கேயோ காலையில் ஹைவே முழுக்க ஒரு காருக்கு ஒரு தலை. எது சரியென்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

வேலை முடிந்து வந்த கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மொன்றியல் தெருக் குழிகளைச் சொல்லவா வேண்டும், ஒவ்வொன்றிலும் எங்களைத் தூக்கிப் போட்டது. "பிள்ளையள் ஏறினால் பதியும்" என்றார் இவர். அந்தக் கிழமையே மகள் போன் எடுத்தாள். "லீவு இல்லை அம்மா, அடுத்த வருசம் பாப்பம்." மகன் அதையே குறுஞ்செய்தியில் அனுப்பினான்.

திரும்பவும் கராஜுக்குப் போனோம். இரண்டு பேருக்கு அளவான மெல்லிய ஸ்பிறிங் மாற்றித் தரலாம் என்றார் கராஜ்காரர். "இஞ்சேர், மாத்துவமோ?" என்று இவர் என்னைக் கேட்டார். காரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காத மனுசன். மாற்றினால், பிள்ளைகள் இனி வரமாட்டார்கள் என்று நானே சொன்னது போலாகிவிடும். மாற்றாவிட்டால் எங்கள் இடுப்பு போய்விடும். ஒரே குழப்பம். "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டேன்.

வரும் வழியில் தமிழ்க்கடையில் மலிவென்று நாலு மூட்டை அரிசி வாங்கினோம். கழற்றிய பழைய ஸ்பிறிங்குகள் டிக்கியில் கிடந்ததால், மூட்டைகளைப் பின்சீற்றில் ஏற்றினார். மகனுக்கென்ற பக்கம் இரண்டு, மகளுக்கென்ற பக்கம் இரண்டு. கார் பதிந்தது. வளைவில் சரியவில்லை, குழியில் துள்ளவில்லை. இவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டு வாசலில், "அரிசியை இறக்குங்கோவன்" என்றேன்.

"அது அங்கையே இருக்கட்டும்."

பின்னேரம் சமைக்க ஒரு சுண்டு அரிசி தேவைப்பட்டது. சட்டியோடு போய்க் கார்க் கதவைத் திறந்தேன். மகனின் பக்கத்தில் எடுப்பதா, மகளின் பக்கத்தில் எடுப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.