முன் தட்டு

விமலேஸ்வரி அன்ரி பீங்கான் நாயைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்க்கிறார். ஒன்றும் இல்லை. நாயை வைத்துவிட்டு யானையைக் கவிழ்க்கிறார். அங்கும் ஒன்றும் இல்லை.

“கடவுளே, இது ஆர் தந்தது?”

நெளுக்குளத்தில் எங்கள் வேலிக்கு அடுத்த வீடு. உள்ளே போனதும் முதலில் தெரிவது கண்ணாடி அலுமாரிதான். நாற்பத்தொரு உருவங்கள்: குடை பிடித்த சீமாட்டி, தும்பிக்கை ஒட்டிய யானை, குழலூதும் கண்ணன், சிரிக்கும் தவளை. எல்லாம் வந்துபோன சனங்கள் கொடுத்தவை. கழுத்தோடு கழுத்து சாய்த்த சோடி அன்னங்கள் மட்டும், வவுனியாவில் மஹ்றூப் நானாவின் பான்சிக் கடையில் அன்ரியே ஆசைப்பட்டு வாங்கியவை. அவற்றின் இடம் எப்போதும் பின்னுக்குத்தான். “என்ரைதானே, ஆர் கோவிக்கப் போகினம்?”

வீட்டுக்கு யார் வருகிறாரோ, அவர் தந்தது முன் தட்டில் நிற்க வேண்டும். இது அன்ரியின் சட்டம். சுதாஜினி ரீச்சர் படலையைத் திறந்து கதிரையில் இருப்பதற்குள் அவருடைய கிளி கீழ்த்தட்டிலிருந்து பறந்து வந்துவிடும். ரீச்சர் போனதும் கிளியும் போய்விடும். குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதிய கடதாசி ஒட்டியிருந்தார்.

போன கிழமை எல்லாவற்றையும் ஷாம்பூ கலந்த பேசினில் ஊறப்போட்டார். உருவங்கள் அடியில் கிடந்தன. பெயர்கள் மேலே மிதந்தன. அன்னங்களின் அடியில் இருந்த மஹ்றூப் நானாவின் விலைத்துண்டு மட்டும் அசையவில்லை.

ஏன் இந்தக் கழுவல்? அன்ரியின் புருசன் யோகநாதன் அங்கிளின் தங்கை அருந்ததி சுவிஸிலிருந்து வருகிறார். ஆறு வருசத்துக்கு முன் வந்தபோது தான் தந்தது பின்னால் கிடந்ததைக் கண்டு, தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் எழும்பிப் போனவர். அதற்குப் பிறகு நாலு வருசம் கதை பேச்சில்லை.

“இஞ்சேருங்கோ, உங்கடை தங்கச்சி என்னத்தைத் தந்தவா?”

“வெள்ளையா ஒண்டு.”

“இஞ்சை இருவது வெள்ளை கிடக்கு!”

“அப்ப அதிலை ஒண்டு.”

நான் அருந்ததியின் மூக்கால் இழுக்கும் குரலில், “மச்சாஆள், என்ரையை எங்கை எறிஞ்சனீங்கள்?” என்றேன். அன்ரி திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்.

“எடியே, பகிடி விடாதை. காலமை பிறசர் குளிசை போட்டனானோ எண்டதே எனக்கு ஞாபகமில்லை.”

அருந்ததி வரும் நாள் காலையில் யானை முன்னுக்கு நின்றது. பத்து மணிக்குச் சீமாட்டி. பிறகு வெள்ளை எல்லாம் ஒன்றாக முன்னுக்கு வந்தன. “கலியாண வீட்டுச் சனம் மாதிரிக் கிடக்கு” என்று எல்லாவற்றையும் திரும்ப இறக்கினார். அருந்ததி வந்த வான் வாசலில் கோர்ன் அடித்தபோது முன் தட்டு வெறுமையாக இருந்தது.

அருந்ததி நேரே அலுமாரிக்குத்தான் வந்தார். தட்டுத் தட்டாகப் பார்த்தார். புருவம் சுருங்கியது. யானையைத் தொட்டார், விட்டார். சீமாட்டியைத் தூக்கினார், வைத்தார். அவருக்கும் நினைவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் உள்ளே கைவிட்டு அன்னங்களை வெளியே இழுத்தார்.

“இந்தா என்ரை! இந்த முறையும் பின்னுக்கோ மச்சாள்?”

அங்கிள் வாயைத் திறந்தார். அன்ரி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“பூனை தட்டிப்போடும் எண்டுதான்… தாங்கோ இஞ்சை.”

அன்னங்களை இரண்டு கையாலும் வாங்கி முன் தட்டின் நடுவுக்குக் கொண்டுபோனார். வைக்கவில்லை. “தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?” என்று கேட்டபடியே, அடியில் ஒட்டியிருந்த விலைத்துண்டைப் பெருவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.